ஆபீஸில் ஆக்சஸ் பாயின்ட் மாட்டியாச்சு, வைஃபை மட்டும் சரியில்லை: எங்கிருந்து பார்ப்பது?

"வைஃபை வரலைங்க" என்று யாராவது சொன்னதும் ஆக்சஸ் பாயின்ட்டின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து எதையாவது மாற்றிப் பார்க்கத்தான் கை போகும். தயவுசெய்து அதை முதலில் செய்யாதீர்கள். சின்ன ஆபீஸ்களில் வரும் வைஃபை புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் காற்றில் இருப்பதில்லை. கேபிளில் இருக்கும், இல்லையென்றால் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கிடைக்கும் எண்) யார் கொடுப்பது என்கிற குழப்பத்தில் இருக்கும். செட்டிங்ஸை மாற்ற மாற்ற, முதலில் இருந்த கோளாறோடு புதிதாக இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும், அப்புறம் எது எதனால் வந்தது என்று பிரிப்பது பெரும்பாடு.

அதனால் எந்தப் புகாராக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். ஆக்சஸ் பாயின்ட்டுக்கு (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, இனி ஏபி என்றே சொல்கிறேன்) போகும் அந்த நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்த ஒரு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். அதில் நெட் ஒழுங்காக வருகிறதா? வந்தால் மேற்கொண்டு ஏபியையும் காற்றையும் சந்தேகப்படலாம். வரவில்லை என்றால் ஏபி மேல் தப்பே இல்லை, ஏணியை எடுத்து வைத்துவிட்டு, எல்லா நெட்வொர்க் கேபிளும் வந்து சேரும் ஸ்விட்ச் பக்கம் போங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: கேபிள் வழியே கரண்ட் போகும் பிஓஇ அமைப்பாக இருந்தால், அது 802.3ஏஎஃப் அல்லது 802.3ஏடி என்று எழுதியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவை எதிர்முனையில் இருப்பது கரண்ட் கேட்கும் கருவிதானா என்று சோதித்துவிட்டுத்தான் கரண்ட் விடும், லேப்டாப்புக்கு ஆபத்தில்லை. '24 வோல்ட் பாசிவ்' என்று போட்டிருக்கும் அடாப்டர் எதையும் கேட்காமல் கரண்டை அனுப்பிவிடும். அந்தக் கேபிளை லேப்டாப்பில் செருகவே கூடாது. அடாப்டரைக் கழற்றிவிட்டு, ஸ்விட்ச்சிலிருந்து வரும் கேபிளை மட்டும் செருகிப் பாருங்கள்.

கீழே எழுதியிருப்பதெல்லாம் நம்மூரில் வழக்கமாகப் பார்க்கும் ஆபீஸை மனதில் வைத்து எழுதியது: வாசல் பக்கம் இணைய நிறுவனம் மாட்டிப்போன ஃபைபர் மோடம், அதிலிருந்து ஒரு ஸ்விட்ச், கேபிளில் ஓடும் பத்து இருபது கம்ப்யூட்டர், டேலி இருக்கும் ஒரு மெஷின், இரண்டு பிரின்டர், சிசிடிவி, அப்புறம் புதிதாக வாங்கிய ஒன்றிரண்டு ஏபி. அந்த ஃபைபர் மோடமே ஒரு ரவுட்டர்தான், எல்லோருக்கும் ஐபி கொடுப்பதும் அதுதான். இந்த விஷயம் பின்னால் பல இடங்களில் வரும்.

லைட்டே எரியவில்லை, அல்லது அடிக்கடி அணைந்து எரிகிறது

பிஓஇ-யில் ஓடும் ஏபி என்றால் வாட் கணக்கைப் பாருங்கள். 802.3ஏஎஃப் போர்ட் 15.4 வாட் கொடுக்கும், கேபிளில் போகிற இழப்பு போக ஏபிக்குக் கிடைப்பது 12.95 வாட். 802.3ஏடி என்றால் 30 வாட் கிளம்பி 25.5 வாட் போய்ச் சேரும். ஏபியின் பெட்டியிலோ அடியில் ஒட்டியிருக்கும் லேபிளிலோ அதற்கு எது வேண்டும் என்று இருக்கும். ஏடி கேட்கும் ஏபியை ஏஎஃப் போர்ட்டில் செருகினால் மாடலுக்கு மாடல் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். சிலது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. சிலது எழுந்து, ஒரு ரேடியோவை அணைத்துவைத்துக்கொண்டு பாதி பலத்தில் ஓடும். சிலது காலையில் ஆளில்லாதபோது நன்றாக ஓடிவிட்டு, எல்லோரும் வந்து வேலை ஏறியதும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

அடுத்தது ஸ்விட்ச்சின் மொத்த வாட். எட்டு போர்ட் இருக்கிறது என்பதற்காக எட்டுக்கும் முழு கரண்ட் கிடைக்கும் என்று அர்த்தமில்லை, மொத்தமே 60 வாட் மட்டும் தரும் எட்டு போர்ட் ஸ்விட்ச்கள் உண்டு. கேமராவும் ஏபியும் ஒரே பிஓஇ ஸ்விட்ச்சில் இருந்து, இருட்டினதும் ஏபி விழுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். இருட்டில் கேமராக்களின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியத் தொடங்கும், அவை இழுக்கும் கரண்ட் கூடும், ஸ்விட்ச் கடைசியில் இருக்கும் போர்ட்டைக் கைவிடும்.

கேபிளையும் சொல்ல வேண்டும். விலை மலிவு என்று விற்கும் கேபிள்களில் உள்ளே அலுமினியக் கம்பி, மேலே மெல்லிசாகத் தாமிரப் பூச்சு. கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். தாமிரத்தைவிட அதற்குத் தடை அதிகம், அதனால் நீளமாக இழுத்தால் எதிர்முனையில் வோல்டேஜ் இறங்கிவிடும், கேபிளும் சூடாகும். பிஓஇ-க்கு முழுத் தாமிரக் கேபிள்தான் வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

ஏபியின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கவில்லை

மொபைலில் திறக்கிறீர்கள் என்றால் மொபைல் டேட்டாவை அணையுங்கள். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று போன் தானே முடிவு செய்து டேட்டா பக்கம் தாவிவிடும், நீங்கள் அடிக்கும் முகவரி ஏபிக்குப் போகவே போகாது. லேப்டாப் என்றால், ஏபியின் ஐபி எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் லேப்டாப்புக்கும் கையால் ஒரு ஐபி கொடுங்கள். ஏபி 192.168.0.254 என்றால் லேப்டாப்புக்கு 192.168.0.10. வேலை முடிந்ததும் திரும்ப 'தானாகப் பெறு' என்று மாற்ற மறக்காதீர்கள், இல்லாவிட்டால் நாளைக்கு அந்த லேப்டாப்பிலிருந்தே ஒரு புகார் வரும். சில ஏபிகள் மோடமிடமிருந்து வேறு ஐபி வாங்கிக்கொண்டிருக்கும். மோடத்தில் இணைந்த கருவிகளின் பட்டியலைத் திறந்து, ஏபியின் அடியில் அச்சிட்ட மேக் முகவரியை (அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்) அதில் தேடினால் ஐபி கிடைத்துவிடும்.

வைஃபை பெயர் தெரியவில்லை

யாருக்குமே தெரியவில்லையா, ஒருவருக்கு மட்டும் தெரியவில்லையா? இதைக் கேட்டாலே பாதி முடிந்தது.

யாருக்கும் தெரியவில்லை, அதுவும் 5 கிகாஹெர்ட்ஸ் (வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்று, இன்னொன்று 2.4) பெயர் மட்டும் தெரியவில்லை, ஏபி இப்போதுதான் ஆன் ஆனது என்றால் ஒரு நிமிடம் பொறுங்கள். 52-லிருந்து 144 வரையுள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ஏபி அந்தச் சேனலில் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடார் போல ஏதாவது கேட்டால் உடனே சேனலை விட்டு விலகி, 30 நிமிடத்துக்கு அந்தப் பக்கம் திரும்பாது. நேரம் காலமில்லாமல் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் மறைந்து மறைந்து வந்தால் ஏபியின் லாக்கில் (நடந்ததையெல்லாம் அது பதிந்துவைக்கும் பட்டியல்) ரேடார் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 36 முதல் 48, அல்லது 149-க்கு மேல் உள்ள சேனல் ஒன்றைக் கையால் வைத்துவிடுங்கள், பிரச்சினை அதோடு தீர்ந்தது.

ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை என்றால் அந்தக் கருவியைப் பாருங்கள். பழைய லேப்டாப், விலை குறைந்த பிரின்டர், கைரேகை வருகைப்பதிவு மெஷின் இவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. 2.4-லேயே ஏபி 12 அல்லது 13-ஆவது சேனலில் இருந்தாலும் சில கருவிகளுக்குத் தெரியாது. இந்தியாவில் அந்தச் சேனல்கள் உண்டு, ஆனால் அமெரிக்க அமைப்போடு வந்த கருவி 11-க்கு மேல் தேடாது. ஏபியில் நாடு இந்தியா என்று இருக்கட்டும், 2.4-இல் சேனல் 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக இருக்கட்டும்.

பாஸ்வேர்டு சரிதான், உள்ளே விடவில்லை

புது ஏபிக்குப் பழைய வைஃபையின் பெயரையே வைத்திருந்தால், போன்கள் பழைய பாதுகாப்பு முறையை நினைவில் வைத்துக்கொண்டு முட்டிமோதும். அந்த நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி, புதிதாகச் சேருங்கள். அப்படியும் பழைய கருவிகள் மட்டும் சேரவில்லை என்றால் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறையைத் தனியாகவோ, 2-உம் 3-உம் கலந்தோ வைத்திருப்பீர்கள். கலந்த முறை எல்லாக் கருவியையும் விட வேண்டும்தான், ஆனால் பழைய பிரின்டர்கள் அதில் அடிக்கடி தடுமாறுகின்றன. அவற்றுக்கென்று டபிள்யூபிஏ2, ஏஇஎஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று தனியாக ஒரு பெயர் வைத்துக்கொடுப்பது நல்லது. அதற்காக டிகேஐபி என்ற பழைய குறியாக்க முறையைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அது பாதுகாப்பும் இல்லை, அதில் சேரும் கருவியின் வேகமும் 54 எம்பிபிஎஸ்-க்கு மேல் போகாது.

கனெக்ட் ஆகிறது, நெட் இல்லை

இதற்குத்தான் நிதானம் வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் /ஆல் கட்டளையைக் கொடுங்கள். அதில் மூன்று வரி போதும்: ஐபி முகவரி, டீஃபால்ட் கேட்வே (வெளியே போகும் வழி, இங்கே மோடம்), டிஎச்சிபி சர்வர் (ஐபி கொடுப்பது).

ஐபி 169.254 என்று தொடங்கினால், லேப்டாப் முகவரி கேட்டது, யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ஏன் பதில் வரவில்லை? ஸ்டாஃப் வைஃபையில் முகவரி கிடைக்கிறது, விருந்தினர் வைஃபையில் மட்டும் 169.254 என்றால் அது விலான் (ஒரே கேபிளில் ஓடும் தனித்தனி நெட்வொர்க்) கோளாறு. விருந்தினருக்கு விலான் 20 என்று ஏபியில் வைத்திருப்பீர்கள், ஏபி செருகியிருக்கும் ஸ்விட்ச் போர்ட்டில் அந்த 20-ஐ டேக் செய்து (அந்த எண்ணை அடையாளமாக ஒட்டி) விட்டிருக்க மாட்டீர்கள். போர்ட்டில் ஸ்டாஃப் விலான் டேக் இல்லாமலும், விருந்தினர் விலான் டேகோடும் போக வேண்டும். இது ஏபியின் போர்ட்டில் மட்டும் போதாது, ஏபியிலிருந்து ரவுட்டர் வரை நடுவில் எத்தனை ஸ்விட்ச் இருக்கிறதோ அத்தனையிலும் அந்த இணைப்புப் போர்ட்களில் இருக்க வேண்டும், ரவுட்டரிலும் அந்த விலானுக்கு ஐபி கொடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். ஏபிக்குப் போகும் போர்ட்டை மட்டும் பத்துத் தடவை பார்த்துவிட்டு, மாடிக்கும் கீழுக்கும் நடுவில் இருக்கும் ஸ்விட்ச்சை மறந்துபோகிறவர்கள் நிறைய.

எல்லா வைஃபையிலும் 169.254, அதுவும் காலையில் வந்தவர்களுக்கு நெட் ஓடுகிறது, தாமதமாக வந்தவர்களுக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் மட்டும் கிடைக்கவில்லை என்றால், முகவரி தீர்ந்துபோய்விட்டது. மோடம் 192.168.1.100 முதல் 199 வரை கொடுக்கிறது என்று வையுங்கள், மொத்தம் 100. நாற்பது பேர், ஆளுக்கு ஒரு போன் ஒரு லேப்டாப் என்றால் அதிலேயே 80 போயிற்று. மிச்சத்தை பிரின்டர், கேமரா, வந்து போகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வந்தவர் போய்விட்டாலும் கொடுத்த முகவரி கெடு முடியும்வரை திரும்பாது. பல ரவுட்டர்களில் கெடு 24 மணி நேரம், விண்டோஸ் சர்வரில் டிஎச்சிபி ஓடினால் எதையும் மாற்றாதவரை 8 நாள். போதாக்குறைக்கு, 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10, 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 இவற்றிலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் மேக் முகவரியைக் காட்டுகின்றன, அதனால் ஒரே போன் ஸ்டாஃப் வைஃபையிலும் விருந்தினர் வைஃபையிலும் மாறி மாறிச் சேர்ந்தால் இரண்டு ஆளாகக் கணக்கு. தீர்வு எளிது: வரிசையை 20 முதல் 250 வரை என்று அகலப்படுத்துங்கள் (கையால் ஐபி வைத்த பிரின்டரும் கேமராவும் அதற்கு வெளியே இருக்கட்டும்), விருந்தினருக்கு ஒரு மணி நேரக் கெடு, ஸ்டாஃபுக்கு எட்டு மணி நேரம்.

இனி மிகவும் தொந்தரவு கொடுக்கும் வகை. ஐபி கிடைக்கிறது, ஆனால் ஆபீஸ் வரிசை 192.168.1 என்று இருக்க இவருக்கு 192.168.0 என்று கிடைத்திருக்கிறது. பக்கத்து மேஜைக்காரருக்கு நெட் வருகிறது, இவருக்கு வரவில்லை, மதியம் அப்படியே தலைகீழ். ஐபிகான்ஃபிக் காட்டும் டிஎச்சிபி சர்வர் வரியைப் பாருங்கள், அங்கே மோடத்தின் முகவரி இல்லாமல் வேறு ஒன்று இருக்கும். ஆபீஸில் முகவரி கொடுக்க இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். எது முதலில் பதில் சொல்கிறதோ அதைத்தான் கருவி பிடித்துக்கொள்ளும், அதனால்தான் பாதிப் பேருக்கு வருகிறது, பாதிப் பேருக்கு இல்லை. காரணம் அநேகமாக, யாரோ வீட்டில் சும்மா கிடந்த வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து, அதை அப்படியே ஏபியாகச் செருகியிருப்பார்கள்.

வீட்டு ரவுட்டரை ஏபியாகப் பயன்படுத்துவதில் தவறில்லை, முறையாகச் செய்ய வேண்டும். அதை ஆபீஸ் நெட்வொர்க்கில் செருகுவதற்கு முன்னாலேயே தனியாக ஒரு லேப்டாப்போடு இணையுங்கள். 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போட்டாலே போதும். இல்லையென்றால் முதலில் அதன் லான் (உள் நெட்வொர்க்) ஐபியை ஆபீஸ் வரிசைக்கு மாற்றுங்கள், 192.168.1.5 மாதிரி, யாருக்கும் கொடுக்கப்படாத ஒரு எண்ணாக. மோடத்தின் 192.168.1.1 இதற்கும் இருந்துவிட்டால் ஆபீஸ் முழுக்க நெட் வந்து வந்து போகும். அப்புறம் அதன் டிஎச்சிபியை அணையுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு வைத்துச் சேமியுங்கள். கடைசியாக, ஸ்விட்ச்சிலிருந்து வரும் கேபிளை அதன் லான் போர்ட்டில் செருகுங்கள். நீலமோ மஞ்சளோ தனி நிறத்தில் 'வான்' (வெளி இணையத்துக்கானது) என்று இருக்கும் போர்ட்டைத் தொடாதீர்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள், டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு ஐபி கிடைக்காமல் மறுபடி உள்ளே போவதே சிரமம்.

ஐபி சரி, கேட்வே சரி, அப்படியும் நெட் இல்லையா? கேட்வேயை பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யுங்கள், அப்புறம் இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8-ஐ. இரண்டும் பதில் சொல்லி, இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவையில். விருந்தினர் வைஃபையில் லாகின் பக்கம் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் வரவில்லை என்றால், அந்தப் போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒரு சர்வர் பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள், அதைத் தானியங்கிக்கு மாற்றினால் வந்துவிடும்.

நெட் வருகிறது, பிரின்டரும் டேலியும் வரவில்லை

கேபிளில் இருப்பவர்களுக்கு எல்லாம் வருகிறது, வைஃபையில் வந்தவர்களுக்கு இணையம் மட்டும். முதலில் அவர் விருந்தினர் வைஃபையில் இருக்கிறாரா பாருங்கள். அது உள்ளே இருக்கும் எதையும் தொடவிடாது, அதற்காகவே வைப்பது. ஸ்டாஃப் வைஃபையில் இருந்தும் அப்படியே என்றால் 'ஏபி ஐசொலேஷன்' அல்லது 'கிளையன்ட் ஐசொலேஷன்' ஆன் ஆகியிருக்கலாம், அது வைஃபையில் இருப்பவர்களை மற்றக் கருவிகளோடு பேசவிடாது.

அடுத்து, இவரது ஐபி வேறு வரிசையில் இருந்தால் மேலே சொன்ன வான் போர்ட் சங்கதி. ரவுட்டரின் வான் போர்ட்டில் கேபிளைச் செருகிவிட்டால் அது ஆபீஸுக்குள் இன்னொரு ஆபீஸை உண்டாக்கிவிடும். இணையம் நன்றாக ஓடும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. பிரின்டரின் ஐபியைக் கையால் அடித்தால் அச்சும் எடுக்கும், பெயரால் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் தேடல் செய்திகள் ரவுட்டரைத் தாண்டாது. ஐபி அடித்தால் வருகிறது, பெயர் அடித்தால் வரவில்லை என்றால் கையை நேராக வான் போர்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஒரே வரிசைதான், ஐசொலேஷனும் இல்லை, டேலி ஃபோல்டர் மட்டும் திறக்கவில்லை என்றால் விண்டோஸைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த வைஃபையை அது பொது இடத்து நெட்வொர்க், அதாவது 'பப்ளிக்' என்று வைத்துக்கொண்டு பகிர்வை மூடியிருக்கும். 'பிரைவேட்' என்று மாற்றுங்கள்.

இன்னொரு காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் நாள் முழுக்கத் தவிப்பார்கள். சிசிடிவிக்காக வாங்கிய பிஓஇ ஸ்விட்ச்களில் பக்கவாட்டில் அல்லது முன்னால் ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அதில் 'விலான்', 'எக்ஸ்டெண்ட்' என்று எழுதியிருக்கும். அதை விலான் பக்கம் தள்ளினால் கேமரா போர்ட்கள் ஒன்றையொன்று பார்க்காது, மேலே போகும் அப்லிங்க் போர்ட்டோடு மட்டும்தான் பேசும். கேமராவுக்கு அது நல்லது. அதே ஸ்விட்ச்சில் ஒரு போர்ட்டில் ஏபியும் இன்னொரு போர்ட்டில் பிரின்டரும் இருந்தால் இரண்டும் சந்திக்கவே முடியாது, ஆனால் இணையம் மட்டும் குறையில்லாமல் வரும். எக்ஸ்டெண்ட் பக்கம் இருந்தால் இன்னும் மோசம், 250 மீட்டர் தூரக் கேமராவுக்காக அந்தப் போர்ட்களின் வேகத்தை 10 எம்பிபிஎஸ்-க்கு இறக்கிவிடும். ஏபிக்குப் போகும் ஸ்விட்ச்சில் இந்தக் குமிழ் எங்கே நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஏபிக்கு அடியிலேயே உட்கார்ந்தாலும் மெதுவாக இருக்கிறது

வேகச் சோதனையில் எத்தனை தடவை பார்த்தாலும் 93, 94, 95 எம்பிபிஎஸ் என்றே நிற்கிறதா? அது வைஃபையின் எல்லை இல்லை, கேபிள் 100 எம்பிபிஎஸ்-க்கு இறங்கிவிட்டது. ஜிகாபிட் ஓட எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு 1, 2, 3, 6 என நான்கு போதும். கேபிள் முனையில் இருக்கும் கிளிப்பில் ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டால், இணைப்பு அறுபடாமல் சத்தமில்லாமல் 100-க்கு வந்துவிடும். நீல ஜோடி அல்லது பழுப்பு ஜோடியில்தான் தேட வேண்டும், ஏனென்றால் மற்ற இரண்டு ஜோடியில் ஒன்று போயிருந்தால் இணைப்பே இருந்திருக்காது. புது கிளிப் அடியுங்கள்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் ஒரே வரிசை. கேபிளில் கோளாறில்லை என்றால் ஸ்விட்ச்சே 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சாக இருக்கலாம், சிசிடிவி ஸ்விட்ச்களில் அப்லிங்க் மட்டும் ஜிகாபிட், மற்றதெல்லாம் 100 என்று நிறைய உண்டு.

வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், சார்ஜரில் போட்ட லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் ஜன்னல் திறந்து, ஒன்றில் கேட்வேயையும் இன்னொன்றில் 8.8.8.8-ஐயும் நிறுத்தாமல் பிங் செய்யுங்கள். கேட்வேயே 2, 3 மில்லி விநாடியிலிருந்து 200, 300 என்று குதித்தால் கோளாறு காற்றில். கேட்வே அமைதியாக இருந்து 8.8.8.8 மட்டும் குதித்தால் இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள், ஏபியைத் தொட வேண்டாம்.

காற்றில்தான் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 40 வைத்தால் வேகம் இரட்டிக்கும் என்று நினைத்து வைப்பார்கள், ஆனால் கடைகளும் ஆபீஸ்களும் நெருங்கிய கட்டடத்தில் அது பக்கத்து ஆட்களின் சத்தத்தையெல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும். லேப்டாப்களை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகியதும் 2.4 வைஃபை தள்ளாடும் லேப்டாப்களும் உண்டு, அந்தக் கேபிளே 2.4-க்குப் பக்கத்தில் இரைச்சல் கிளப்பும்.

ஏபியை எங்கே மாட்டினீர்கள் என்பதும் கேள்வி. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, ஏசி குழாயின் தகரத்தோடு ஒட்டி, அல்லது இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தால் என்ன செட்டிங்ஸ் வைத்தும் பயனில்லை. மறைக்காமல், கூரையில், ஆட்கள் உட்காரும் இடத்துக்கு மேலே, கண்ணில் படும்படி மாட்டுங்கள்.

சிக்னல் முழுசாக இருக்கிறது, நடந்தால் போன் கால் அறுந்துபோகிறது

இரண்டு ஏபி இருக்கும் ஆபீஸில் வரும் புகார் இது. போன் பழைய ஏபியை விடாமல் பிடித்துக்கொண்டே போகிறது, புது ஏபியின் அடியில் நின்றாலும் மாறுவதில்லை. மாறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஏபி அல்ல, போன். ஐபோன் சிக்னல் -70 டெசிபலுக்குக் கீழே போன பிறகுதான் வேறு ஏபியைத் தேடத் தொடங்கும். இரண்டு ஏபியும் முழு பலத்தில் கத்திக்கொண்டிருந்தால் அந்த அளவுக்குக் கீழே போகவே போகாது, அதனால் தேடவே தேடாது. அதோடு ஏபி கத்துவது போனுக்குக் கேட்கும், போன் பேசுவது ஏபிக்குக் கேட்காது, போனின் ரேடியோ அவ்வளவு பலமானது இல்லை. கோடுகள் முழுசாக நின்றும் வாட்ஸ்ஆப் கால் உடைவதற்கு இதுவே காரணம்.

ஆகவே பவரைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸை நடுத்தரத்திலும், 2.4-ஐ அதைவிட 6 டெசிபல் போலக் குறைவாகவும் வைத்து, இரண்டு ஏபிக்கும் நடுவில் நின்று பாருங்கள். எந்த இடத்திலும் ஏதாவது ஓர் ஏபி -67-க்குக் குறையாமல் கேட்டால் கால் பேசப் போதும். பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றும் இரண்டு ஏபியிலும் ஒன்றாக இருக்க வேண்டும், சேனல் மட்டும் வேறு வேறு. போன் ஏபி மாற உதவும் 802.11கே, வி இரண்டையும் போட்டுவிடலாம். அதே வகையைச் சேர்ந்த 802.11ஆர் போட்டதும் ஏதாவது பழைய கருவி சேர மறுத்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது ஏபிக்குக் கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு ரிபீட்டர் மாட்டியிருந்தால், ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். அதற்கு செட்டிங்ஸில் மருந்து கிடையாது. கேபிள் இழுங்கள்.

ஆபீஸ் மொத்தமும் ஒரே நேரத்தில் விழுந்துவிட்டது

ஸ்விட்ச்சைப் பாருங்கள். எல்லா லைட்டும் ஒன்றுசேர்ந்து வெறிபிடித்த மாதிரி மின்னினால் அது லூப், அதாவது செய்திகள் வெளியே போகாமல் நெட்வொர்க்குக்குள்ளேயே சுற்றுகின்றன. மேஜைக்கு அடியில் அனாதையாகக் கிடந்த கேபிள் முனையை யாரோ நல்லெண்ணத்தில் அதே ஸ்விட்ச்சில் செருகியிருப்பார்கள், இல்லையென்றால் வயர்லெஸ் மெஷ்ஷில் (காற்று வழியாக இன்னொரு ஏபியோடு இணைந்து) ஓடும் ஏபிக்குக் கேபிளும் கொடுத்து இரண்டு வழியாகவும் நெட்வொர்க் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கியதும் லைட்டுகள் நிதானத்துக்கு வருகின்றனவோ அதுதான். ஸ்விட்ச்சில் லூப்பைத் தடுக்கும் 'ஆர்எஸ்டிபி' அல்லது 'லூப் பாதுகாப்பு' இருந்தால் இன்றைக்கே ஆன் செய்துவிடுங்கள்.

லைட்டுகள் சாதாரணமாக மின்னுகின்றன, ஆனால் கரண்ட் போய் வந்ததிலிருந்து எல்லோருக்கும் 169.254 என்றால், ஏபியும் ஸ்விட்ச்சும் யுபிஎஸ்ஸில் இருந்து, மோடம் மட்டும் சுவர் பிளக்கில் இருந்திருக்கும். மோடம் அணைந்திருந்தபோது முகவரி கேட்டவர்கள் எல்லோரும் வெறுங்கையோடு திரும்பியவர்கள். இப்போதைக்கு வைஃபையை ஒரு முறை அணைத்து ஆன் செய்தால் சரியாகிவிடும். சாயங்காலத்துக்குள் மோடத்தின் பிளக்கையும் அதே யுபிஎஸ்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.